குறைவாகச் செல்லும் நாட்டுக்குக் குறுகிய பயணம்: லாவோஸ் கற்றுத் தந்த பணப் பாடம்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றவுடன் சிங்கப்பூர், துபாய், பாங்காக் ஆகிய பெயர்களே நம் வாடிக்கையாளர்களுக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அண்மைக் காலத்தில் எங்கள் அந்நியச் செலாவணிப் பிரிவை நாடி வருவோருள் சிலர், குறிப்பாக இளைஞர்கள், லாவோஸ், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் என வேறு பெயர்களைச் சொல்கின்றனர். அவர்கள் கேட்பது ஒரு வாரத்துக்கான பயணம். எடுத்துச் செல்வது ஒரே ஒரு முதுகுப்பை. இத்தகைய பயணத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அனைவரும் கேட்கின்றனர். அப்பணத்தை எந்த வடிவில் கொண்டு செல்வது என்பதைக் கேட்போர் மிகச் சிலரே.

இந்த இரண்டாம் கேள்வியின் அருமையை நாங்களும் பட்டே அறிந்தோம். ஒரே பிரிவில் பணிபுரியும் நாங்கள் இருவரும் ஒன்பது நாள் விடுப்பில் லாவோஸ் சென்று திரும்பினோம். அந்த அனுபவத்தையே இவ்விதழில் பாடமாகத் தருகிறோம்.

நாடும் நாணயமும்

தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரை இல்லாத ஒரே நாடு லாவோஸ். 2024-ஆம் ஆண்டில் அண்டை நாடான தாய்லாந்துக்கு மூன்றரைக் கோடிப் பேர் சென்றனர். லாவோஸுக்குச் சென்றோர் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர். மேகாங் ஆற்றுப் படகுகள், மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர்கள், 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற லுவாங் பிரபாங் நகரம் ஆகியவை அங்கே பயணிகளை ஈர்ப்பவை.

அந்நாட்டின் நாணயம் கிப். அது லாவோஸின் எல்லைக்கு அப்பால் அனேகமாக மதிப்பற்றது. இந்தியாவில் கிப் நோட்டு கிடைப்பது அரிது. நாம் பயன்படுத்தும் ஃபாரெக்ஸ் கார்டுகளில் அதனை ஏற்றவும் இயலாது. ஆகவே நம் ரூபாய் முதலில் அமெரிக்க டாலராகவோ தாய்லாந்து பாட்டாகவோ மாற வேண்டும். பிறகு அங்கே கிப்பாக மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சிறு பங்கு கழியும். பயணிகள் குறைவாகச் செல்லும் பெரும்பாலான நாடுகளுக்கு இதே நிலைதான்.

ஓர் இரவு, ஒரு பொத்தான்

எங்கள் வழி இதுதான். பாங்காக் வழியாகச் சியாங் ராய். அங்கிருந்து பேருந்தில் எல்லை ஊரான சியாங் காங். 2013-இல் திறக்கப்பட்ட நான்காம் தாய்லாந்து–லாவோஸ் நட்புறவுப் பாலத்தைக் கடந்து ஹுவாய் சாய். பின்னர் இரண்டு நாள் படகில் லுவாங் பிரபாங். படகு முதல் நாள் மாலை பாக்பெங் என்னும் கரையோர ஊரில் நிற்கும். மறுநாள் மாலை லுவாங் பிரபாங்கை அடையும்.

பாலத்தைக் கடந்து, விசாக் கட்டணத்தை டாலரில் செலுத்தி, ஹுவாய் சாயில் ஏடிஎம் ஒன்றின் முன் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. எங்கள் இருவரின் டெபிட் கார்டுகளையும் இயந்திரம் ஏற்க மறுத்தது. சற்று நேரத்தில் காரணம் விளங்கியது. 2020 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். கடையில் செலுத்துவது, இணையத்தில் செலுத்துவது, ஏடிஎம்மில் எடுப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு. விமானச் சீட்டு வாங்குவதற்காக இணையப் பொத்தானை இயக்கியிருந்த நாங்கள், ஏடிஎம் பொத்தானை மறந்துவிட்டோம். நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு இதனை எடுத்துரைப்பவர்கள் நாங்களே என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பொத்தானை இயக்குவதற்கு ஓடிபி தேவை. ஓடிபி வருவதற்கு இந்திய எண்ணில் ரோமிங் தேவை. ரோமிங் வாங்குவதற்கு இணையத்தில் பணம் செலுத்த வேண்டும். அதற்கும் ஓடிபி தேவை. விடுதியின் வைஃபை வழியே ஊருக்குச் செய்தி அனுப்பினோம். எங்களுள் ஒருவரின் மகள் மறுநாள் காலை கடை திறந்ததும் ரோமிங் கட்டணம் செலுத்துவதாகக் கூறினாள். ஆனால் படகு காலையிலேயே புறப்பட்டுவிடும். அதனைத் தவறவிட்டால் லுவாங் பிரபாங்கில் கழிக்கவிருந்த இரண்டு நாள்களில் ஒன்று பறிபோகும்.

எங்களைக் காத்தது பணப்பையின் ஓரத்தில் மடிந்து கிடந்த தாய்லாந்து பாட். எல்லையோர ஊர்களில் பாட்டைப் பலரும் வாங்கிக்கொள்கின்றனர். இரண்டு படகுச் சீட்டுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. உணவுக்கும் பாக்பெங்கில் இரவு தங்குவதற்கும், கைவசமிருந்த சில டாலர் நோட்டுகளை மாற்றி ஒப்பேற்றினோம். பாக்பெங்கை அடைந்த அன்று மாலை ஓடிபி வந்து சேர்ந்தது. நீண்ட பயணம் மேற்கொள்பவர் இத்தகைய தவறை ஒரு நாள் தங்கித் திருத்திக்கொள்ளலாம். குறுகிய பயணத்தில் தவறைத் திருத்துவதற்கென்று தனி நாள் இல்லை. அதற்கான நாள் புறப்படுவதற்கு முன்பே இருக்கிறது.

மூன்று வடிவில் பணம்

இதிலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட முறை எளியது. பணத்தை மூன்று வடிவில் கொண்டு செல்லுங்கள். மூன்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

முதலாவது, நோட்டு. டாலர் நோட்டுகள் கிழிசலோ, கறையோ, எழுத்தோ இன்றிப் புதியனவாக இருக்கட்டும். பழைய நோட்டுகளைப் பல இடங்களில் வாங்க மறுப்பர். பெரிய நோட்டுகளுடன் சிறிய நோட்டுகளும் வேண்டும். செல்லும் நாட்டில் அண்டை நாட்டு நாணயம் புழங்குமானால் அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகப் பெற விதிகள் இடமளிக்கின்றன. எஞ்சியதைக் கார்டில் கொண்டு செல்லலாம். வாங்கும் செலாவணியின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கமாக அன்றிக் கணக்கின் வழியே செலுத்த வேண்டும்.

இரண்டாவது, ஃபாரெக்ஸ் கார்டு. ஏற்றும் நாளிலேயே டாலரின் விலை உறுதியாகிவிடுவது இதன் நன்மை. கார்டில் இல்லாத நாணயத்தில் செலவிடும்போது குறுக்கு நாணய மாற்றுக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதைக் கிளையில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டு. இது இடர்க்காலத் துணை. இதன் ஏடிஎம் பொத்தானை இயக்கி, அன்றாட வரம்பையும் நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியவுடன் அணைத்துவிடுங்கள்.

ஏடிஎம்மைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் கட்டணம் விழுவதால், ஐந்து முறை சிறுகச் சிறுக எடுப்பதைவிட இரண்டு முறை போதிய அளவு எடுப்பது சிக்கனம். மேலும், சில வெளிநாட்டு இயந்திரங்கள் கணக்கை ரூபாயில் முடிக்கலாமா என்று கேட்கும். ரூபாய் என்றதும் மனம் இசையும். ஆனால் அங்கே காட்டப்படும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

வீழ்ந்த நாணயத்தின் மறுபக்கம்

லுவாங் பிரபாங்கில் பணம் எடுத்தபோது, லட்சக்கணக்கான கிப் கைக்கு வந்தது. 2021-இல் ஒரு டாலருக்குச் சுமார் 10,000 கிப்பாக இருந்த மதிப்பு, 2024-இல் 20,000-ஐக் கடந்தது. நமக்கு அந்நாடு மலிவாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2023-இன் தொடக்கத்தில் அங்கே விலைவாசி ஓராண்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. நாங்கள் தங்கிய விடுதியின் உரிமையாளரான அம்மையார், எரிபொருளும் எண்ணெயும் விலையேறிய காலத்தில் வாடகையை உடனே உயர்த்த முடியாமல் தவித்ததைச் சொன்னார். தம் சேமிப்பைப் பாட்டிலும் தங்கத்திலும் வைத்திருப்பதாகவும் கூறினார். நாணயம் வீழும்போது சாமானியக் குடும்பம் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதை அவருடைய சொற்களில் கேட்டோம். அன்று மாலைச் சந்தையில் சிறு தொகைக்குப் பேரம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை.

விட்டுவிடக் கற்பது

எங்கள் முதல் திட்டத்தில், தெற்கே சம்பாசக் மாநிலத்திலுள்ள வாட் பூ சிவாலயமும் இடம்பெற்றிருந்தது. இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்புப் பணியில் பங்கேற்ற தொன்மையான கோயில் அது. காணும் ஆவல் மிகுதியாகவே இருந்தது. ஆனால் தலைநகர் வியன்டியானிலிருந்து அது 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அதனைச் சேர்த்திருந்தால் இரண்டு பகலும் இரண்டு இரவும் பேருந்திலேயே கழிந்திருக்கும். எனவே அதனை விட்டுவிட்டு, ஒன்பதாம் நாளை எத்திட்டமும் இன்றி வைத்தோம். மனவருத்தம் இருந்தது, ஆனால் அந்த வெற்று நாள் இருந்த துணிவில்தான் ஹுவாய் சாயில் நாங்கள் நிலைகுலையாமல் இருந்தோம்.

லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியானுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட லாவோஸ்–சீன ரயில் பாதையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ரயில் நிலையம் நகருக்கு வெளியே உள்ளதாலும், பைகளைச் சோதித்துக் கத்தி, நறுமணத் தெளிப்பான் போன்றவற்றைப் பறித்துக்கொள்வதாலும், முன்னதாகவே செல்ல வேண்டும்.

பயணக் காப்பீட்டைச் சிக்கனத்துக்காகத் தவிர்க்காதீர்கள். லாவோஸில் கடுமையான நோயோ விபத்தோ நேர்ந்தால் தாய்லாந்துக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். ஆகவே தாய்லாந்தும், நோயாளியை இடமாற்றும் செலவும் காப்பீட்டில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். உரிய உரிமம் இன்றி வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டி விபத்துக்குள்ளானால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விதிகள் மாறக்கூடியவை; அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பாருங்கள். கார்டின் மூன்று பொத்தான்களையும் சரிபாருங்கள். ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கார்டு தொலைந்தால் அழைக்க வேண்டிய எண்ணைத் தாளில் எழுதி, பணப்பையில் அன்றி வேறிடத்தில் வையுங்கள்.

திரும்பும்போது கிப் நோட்டுகளை எல்லையிலேயே செலவிட்டோ மாற்றியோ விடுங்கள். எஞ்சிய டாலரில் 2,000 வரை கைவசம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் மேசைக்கு இப்போது பயணிகள் வரும்போது, முதலில் கைபேசியை எடுக்கச் சொல்லி, ஏடிஎம் பொத்தானை எங்கள் கண்முன்னே இயக்கச் சொல்கிறோம். ஓரிரு நிமிட வேலைதான். உங்கள் கிளைக்கும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை வந்து செல்லுங்கள்.