இணை ஓடுபாதைகளும் எச்சரிக்கைக் குரலும்

நுழையும்முன்

வானத்திற்கு எல்லையில்லை என்பர். ஆயினும், விமான நிலையத்தை நெருங்கும்போது அவ்வானம் ஒரு குறுகிய தெருவாகிவிடுகிறது. அங்கே விமானங்கள் ஒன்றையொன்று மோதாமல் காப்பவை எவை? கருவியின் குரலும் மனிதனின் கட்டளையும் முரண்பட்டால் விமானி எதற்குச் செவிசாய்க்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண முனைகிறது இப்பாடம்.

சர்கி தாத்ரி தந்த பாடம்

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, தில்லியிலிருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று புறப்பட்டு மேலேறியது. அதே வான்வழியில் கசகஸ்தான் விமானம் ஒன்று தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறும் விமானம் 14,000 அடியிலும் இறங்கும் விமானம் 15,000 அடியிலும் நிற்க வேண்டும் என்பது கட்டளை. கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்திற்கும் கீழே இறங்கியது. அரியானாவின் சர்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. வளைகுடா நாடுகளுக்கு வேலை நாடிச் சென்ற இந்தியர் பலர் உட்பட 349 பேரும் மாண்டனர்.

நீதியரசர் ஆர்.சி. லகோத்தி தலைமையில் விசாரணை நடைபெற்றது. அக்காலத்தில் தில்லிக்கு வருவதற்கும் அங்கிருந்து செல்வதற்கும் ஒரே வான்வழியே பயன்பட்டது. கட்டுப்பாட்டாளர் பார்த்த ரேடார் விமானத்தின் இருப்பிடத்தைக் காட்டியதேயன்றி உயரத்தைக் காட்டவில்லை. மோதலை முன்னறிந்து எச்சரிக்கும் கருவியும் அவ்விமானங்களில் இல்லை. இவ்விபத்திற்குப் பின்னர் வருகைக்கும் புறப்பாட்டிற்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

கருவி இயங்கும் முறை

'டிகாஸ்' எனப்படும் அக்கருவி, அருகிலுள்ள விமானங்களை நோக்கி ரேடியோ அலைகளால் இடைவிடாது வினவுகிறது. அவ்விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்கள் தத்தம் உயரத்தை விடையாக அனுப்புகின்றன. விடை வந்துசேரும் நேரத்தைக்கொண்டு தொலைவும், தொலைவு குறையும் வேகத்தைக்கொண்டு நெருங்குவதற்கு எஞ்சியுள்ள நேரமும் கணக்கிடப்படுகின்றன. கருவி பெரிதும் நம்புவது தொலைவை அன்று, நொடிகளையே.

அபாயம் நெருங்கினால் முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்னும் குரல் எழும். இது விழிப்பூட்டும் எச்சரிக்கை. நிலைமை மேலும் முற்றினால் 'ஏறு' அல்லது 'இறங்கு' என்னும் கட்டளை பிறக்கும். உயரத்திற்கேற்ப, இக்கட்டளை 15 முதல் 35 நொடி முன்னதாக ஒலிக்கும். அது இடமோ வலமோ திரும்பச் சொல்வதில்லை; மேல் கீழாக மட்டுமே விலக்கும்.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் நோக்கி ஏறும் ஒற்றையடிப் பாதையை எண்ணிப் பாருங்கள். சுமையோடு எதிர்ப்படும் இருவருள் ஒருவர் மேட்டுப்பக்கம் ஒதுங்கினால் மற்றவர் பள்ளப்பக்கம் ஒதுங்க வேண்டும். இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் முட்டிக்கொள்வர். எனவேதான் இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றுக்கு 'ஏறு' என்றும் மற்றொன்றுக்கு 'இறங்கு' என்றும் ஆணையிடுகின்றன.

இணை ஓடுபாதையில் எழும் சிக்கல்

சென்னை விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. தில்லியிலும் பெங்களூருவிலும் ஓடுபாதைகள் இணையாக அமைந்துள்ளன. இணைப் பாதைகளில் இரு விமானங்கள் ஒரே நேரத்தில் தரையிறங்க இயலும் என்பது பெரும் பயன். சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு விமானம் இடப்புறத்திலிருந்தும் மற்றொன்று வலப்புறத்திலிருந்தும் திரும்பித் தத்தம் பாதைக்கு நேராக வரும்போது, சில நொடிகள் அவை ஒன்றையொன்று நோக்கிப் பறப்பதுபோல் தோன்றும். அவை அடுத்த கணம் திரும்பி இணையாகிவிடும் என்பதை விமானிகள் அறிவர்; கருவி அறியாது. இப்போதைய வேகத்தை வைத்தே அது கணக்கிடுகிறது. ஆகவே, அபாயமற்ற வேளையிலும் எச்சரிக்கை ஒலிக்கக்கூடும். மிக நெருக்கமான இணைப் பாதைகள் உள்ள இடங்களில், விழிப்பூட்டும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு கட்டளைக் குரலை நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு. வீண் எச்சரிக்கை அதனால் ஒழியும். மெய்யான அபாயத்தில் கைகொடுக்கும் கட்டளையும் அதனோடு போய்விடும். தரையிலிருந்து ஏறத்தாழ 1000 அடிக்குக் கீழே கருவி தானாகவே கட்டளையிடுவதை நிறுத்திக்கொள்கிறது.

எனவே, கருவியைக் கடைசி அரணாகக் கொண்டு அதற்கு முன்பே பல அரண்கள் அமைக்கப்படுகின்றன. ஒன்றையொன்று சாராமல் இரு விமானங்கள் இறங்க வேண்டுமாயின், பன்னாட்டு விதிப்படி ஓடுபாதைகளின் மையக்கோடுகளுக்கிடையே குறைந்தது 1035 மீட்டர் இடைவெளி வேண்டும். நேர்க்கோட்டில் நிலைபெறும்வரை 1000 அடி உயர வேறுபாடோ 3 கடல்மைல் இடைவெளியோ காக்கப்பட வேண்டும். இரு பாதைகளுக்கும் நடுவே, குறைந்தது 610 மீட்டர் அகலமுள்ள வான்பகுதியில் எவ்விமானமும் நுழையக் கூடாது. நுழைந்தால், கட்டுப்பாட்டாளர் மற்ற விமானத்தை உடனே விலக்குவார்.

புறப்பாட்டிலும் இவ்விழிப்பு தேவை. 2022 ஜனவரி 7 அன்று பெங்களூருவின் இணைப் பாதைகளிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் மேலெழுந்த இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின. ரேடாரில் கண்ட கட்டுப்பாட்டாளர் இரண்டையும் வெவ்வேறு திசையில் திருப்பினார், பெருவிபத்து தவிர்ந்தது. அன்று காத்தது மனித விழிப்பே.

இரு குரல்கள்

மனிதக் குரலே எப்போதும் சரியாகுமா? 2002 ஜூலை 1 இரவு, செருமனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் நெருங்கின. ஒரு விமானத்தில் கருவி 'ஏறு' என்றது. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரோ 'இறங்கு' என்றார். விமானிகள் மனிதக் குரலைப் பின்பற்றி இறங்கினர். மற்ற விமானமும் தன் கருவியின் ஆணைப்படி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பலர் உட்பட 71 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர், முரண்பாடு எழுந்தால் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்பது உலக விதியாகத் தெளிவாக்கப்பட்டது.

வீணாக ஒலிக்கும் மணியை மனிதர் நாளடைவில் பொருட்படுத்துவதில்லை. அவ்வலட்சியம் வானில் உயிர்களை விலையாகக் கேட்கும். ஆகவே எச்சரிக்கையைப் பழிப்பதை விட, அது வீணாக எழாதவாறு வழியையும் உயரத்தையும் ஒழுங்குபடுத்துவதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

1. கருவியின் கட்டளையும் கட்டுப்பாட்டாளரின் கட்டளையும் முரண்பட்டால் கருவியைப் பின்பற்றுவது ஏன் பொருத்தமாகிறது? இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்வதைக் கருத்திற்கொண்டு விளக்குக.
2. உங்கள் ஊரில் அடிக்கடி ஒலித்து, மக்களால் பொருட்படுத்தப்படாத எச்சரிக்கை ஒன்றைக் கண்டறிந்து, அதனைப் பயனுடையதாக்கும் வழிகளை வகுப்பில் கலந்துரையாடுக.