மின்னணுப் பெட்டகம் திறக்க மறுத்தால்

கடவுச்சீட்டும் நகைகளும் உள்ளே இருக்க, பயண நாளன்று வீட்டுப் பெட்டகம் திறவாமற்போவது எவரையும் கலங்கச் செய்யும். ஆயினும் பல வேளைகளில் பழுதடைவது பூட்டன்று, மின்கலமே வலுவிழந்திருக்கும். இலக்கங்களை அழுத்தும்போது ஒலி எழுந்தும் தாழ் விலகாவிடில், இதனையே முதலில் ஐயுறவேண்டும். பல பெட்டகங்களில் மின்கலம் வெளிப்புறத்திலேயே உண்டு. அவற்றில் புதிய அல்கலைன் மின்கலத்தை இட்டுப் பார்க்கவும். இலக்கத்தைப் பலமுறை தவறாக அழுத்தினால் பூட்டு சில நிமிடங்கள் இயங்காது. பொறுத்திருந்து மீண்டும் முயலவும். மாற்றுத் திறவுகோல் இருப்பின் அதனைப் பயன்படுத்தவும்.

அதன் பின்னரும் திறவாவிடில், நெம்பவோ துளையிடவோ வேண்டாம். சில பெட்டகங்களில் அந்த அதிர்ச்சியால் இரண்டாவது தாழ் விழுந்து, கதவு மேலும் இறுகிவிடும். பூட்டுத் தொழில் வல்லுநரை அழைப்பதே நன்று. கியூபெக்கின் தனியார் பாதுகாப்புச் சட்டப்படி, திறவுகோலின்றிப் பெட்டகம் திறந்து கொடுப்பது உரிமம் பெற்றவர்க்கே உரிய தொழிலாகும். அவ்வுரிமத்தை வழங்குவது பி.எஸ்.பி. என்னும் தனியார் பாதுகாப்புப் பணியகம். வருபவரின் உரிம அட்டையைக் கேட்டுப் பார்க்கவும். கட்டணத்தை வேலை தொடங்குமுன் எழுத்தில் பெறவும். பெட்டகம் உங்களுடையது என்பதற்கான சான்றையும் ஆயத்தமாக வைத்திருக்கவும்.

மாற்றுத் திறவுகோலை ஒருபோதும் பெட்டகத்தினுள் வைக்கலாகாது. ஆண்டுக்கொருமுறை மின்கலத்தை மாற்றி, கதவு திறந்திருக்கும்போதே பூட்டைச் சோதித்துக்கொள்ளவும்.