அப்பாவுக்கு ஏன் இந்தக் கோபம்?

கேள்வி: அறுபத்தைந்து வயது அப்பா ஓராண்டாக ஆளே மாறிவிட்டார். காப்பிக்கடையில் முன்பின் தெரியாதவர்களைத் திட்டுகிறார். வயதான பிடிவாதமா?
- வாசகி, தோ பாயோ

பதில்: பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள், அம்மா. நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கவைப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி. 1848இல் அமெரிக்க ரயில்பாதை மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜின் தலையை இரும்புக்கம்பி அங்கேதான் துளைத்தது. உயிர் பிழைத்தார், பொறுப்பான அந்த மனிதர் வாய்க்கு வந்தபடி பேசுபவரானார். காயமே இல்லாமலும் அந்தப் பகுதி மெல்லத் தேய்வதுண்டு. அது ஒருவகை மறதிநோய்; அதில் மறதிக்கு முன்பே குணம் மாறும். தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்ற, சிகிச்சையில் சரியாகும் காரணங்களும் இருக்கலாம். எப்போது, எதற்குக் கத்தினார் என்று குறித்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்; நரம்பியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அவரோடு வாதாடாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.