கூவாகம் செல்வோர் தங்குமிடம் தேர்தல்

சித்திரை மாதத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் 18 நாள் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழா, மகாபாரதத்தில் களப்பலியான அரவானைக் கணவனாக ஏற்றுத் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்து வெள்ளைச் சேலை உடுத்தும் வழிபாடாகும். அதையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் கருத்தரங்குகளில் அவர்களுடைய உரிமைக் கோரிக்கைகளும் அமைதி வழியில் எழுப்பப்படுகின்றன. கோலாலம்பூரில் 2008 முதல் நடந்துவந்த ‘செக்சுவாலிட்டி மெர்டேக்கா’ என்னும் பாலின உரிமை விழாவை 2011 நவம்பரில் காவல்துறை தடைசெய்துவிட்ட நிலையில், சுங்கை லாலாங் போன்ற மலேசியாவின் கெடா மாநில ஊர்களிலும் தோட்டங்களிலும் வாழும் தமிழ்த் திருநங்கையர்க்கு நம்பிக்கையும் உரிமையும் ஒருங்கே பேசப்படும் இடம் உள்நாட்டில் அரிது. அதனால் கூவாகத்துக்கு அவ்வளவு தொலைவு செல்பவர்கள், தங்குமிடத்தை மட்டும் பிறர் போட்ட படங்களைப் பார்த்தோ, ஜமாத் எனப்படும் குருவழிக் குடும்ப அமைப்பின் மூத்தவர் சொல்லுக்கு அஞ்சியோ முடிவு செய்துவிடுவது வருந்தத்தக்கது.

விழுப்புரம் விடுதிகள், உளுந்தூர்பேட்டை விடுதிகள், கூவாகத்துத் திறந்த திடல் ஆகியவை எல்லாரும் அறிந்தவை. இம்மூன்றையும் தள்ளி, புதுச்சேரிக் கடற்கரை விடுதியே மேலென்று இப்போது பலர் கருதுவதுதான் கவலைக்குரியது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து கூவாகம் மேலும் 30 கிலோமீட்டர். தாலி கட்டும் சடங்கு இரவில் நடந்து, தேரும், தாலியறுத்து அழும் அழுகளமும் மறுநாள் தொடர்வதால், புதுச்சேரியில் தங்குபவர் நள்ளிரவில் வாடகைக் காரைத் தேடி அலைவார், இல்லையேல் சடங்கின் பாதியிலேயே திரும்புவார். அதைவிடப் பெரிய இழப்பு, அவர் கூட்டத்திலிருந்து துண்டிக்கப்படுவது. ஏனெனில் விழுப்புரம் விடுதிகளின் மாடிப்படிகளிலும் நடைவழிகளிலும் நடக்கும் பேச்சில்தான் யாருக்கு வேலை மறுக்கப்பட்டது, யாருக்கு வீடு கிடைக்கவில்லை என்பன தெரியவருகின்றன. குளிரூட்டிய அறைக்காகக் கடற்கரை விடுதிக்குச் செல்பவர் திருவிழாவைப் பார்த்தவரே தவிர அதில் கலந்தவர் அல்லர். நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் விழுப்புரத்துச் சிறிய அறையே சிறந்தது. இரைச்சல் தாங்காதவர்களும் முதியவர்களும் உளுந்தூர்பேட்டையை நாடலாம்.

மலேசியரைத் தங்கவைக்கும் விடுதி, முன்பு ‘சி படிவம்’ எனப்பட்ட அயல்நாட்டவர் விவர அறிக்கையை 24 மணி நேரத்திற்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலர்க்கு அனுப்ப வேண்டும் என்பதால், கடப்பிதழில் உள்ள பெயரையும் பாலினத்தையும் அப்படியே கொடுத்து, தோற்றம் வேறாக இருக்கும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. அறை மறுக்கப்பட்டால் கூச்சலிட வேண்டியதில்லை: இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்றது, திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (2019) தங்குமிடம் தருவதில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருமாறு அமைதியாகக் கேட்பதே போதிய தொடக்கமாகும்.

அறவழிப் போராட்டத்தில் உறைவிடம் சிறு விஷயமன்று. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த உப்புச் சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தபோது, மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தத் துணிவுக்கு ஈடான பொறுமை விருந்தினரிடமும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் கூட்ட நெரிசலையும் தன் உடலும் மனமும் எந்த அளவு தாங்கும் என்று ஒவ்வொருவரும் தாமே எடைபோட்டுக்கொள்ள வேண்டும். அதை மூத்தவரோ தோழியரோ செய்துதர முடியாது. தாங்காது என்று தோன்றினால் அந்த ஆண்டு போகாமல் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பதில் குறைவொன்றும் இல்லை.

திருவிழா நெருங்க நெருங்க விழுப்புரத்தில் அறை கிடைப்பது அரிதாகி வாடகையும் ஏறிவிடும். போவதென்று முடிவெடுத்தவர்கள் தைப்பூசம் முடிந்ததும் விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லி, முன்பணம் கட்டி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.