தீராத அரிப்பு: சிரங்கு நோயும் வணக்க வழிபாடுகளும்

நோய்களில் சிலவற்றை மனிதன் தாராளமாக வெளியே சொல்லிக் கொள்கிறான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு என்றால் விருந்துப் பந்தியில் உட்கார்ந்தே சொல்லுவான். சிரங்கு என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். கைகளை ஜிப்பாப் பைக்குள் விட்டுக் கொள்வான். முஸாஃபஹாச் செய்ய யாராவது வந்தால் ஸலாமை மட்டும் சொல்லி ஒதுங்குவான். இரவு முழுவதும் சொறிந்து, ஸுபுஹுக்கு எழுந்திருக்க முடியாமல் கிடப்பான். இப்படியே நான்கு மாதம், ஆறு மாதம் கழிந்து விடும். அதற்குள் மனைவி, மக்கள், மாமியார், பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் என்று வீடே சொறிய ஆரம்பித்திருக்கும்.

நம்மில் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. “ஐந்து வேளை ஒளுச் செய்கிறோம், சுத்தமாக இருக்கிறோம், நமக்கா இது வரும்?” என்று கேட்கிறார்கள். வரும். சிரங்கு அழுக்கினால் உண்டாகும் நோயன்று. மேல்தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும் ஒரு சிற்றுயிர்தான் அதற்குக் காரணம். பெண் பூச்சியின் நீளம் ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சற்று இருக்கும். நாள் ஒன்றுக்கு இரண்டு மூன்று முட்டையிடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். தோலுக்குள் இருப்பதைத் தண்ணீரும் சோப்பும் கழுவிக் கொண்டு போகா. அன்றாடம் இரண்டு முறை குளிப்பவருக்கும் வரும். ஆகவே சிரங்கு கண்டவரை அசுத்தக்காரர் என்று முகம் சுளிப்பது அநியாயம். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் அவர் நோயை மறைக்கிறார்; மறைப்பதனால்தான் அது பரவுகிறது.

இந்தப் பூச்சியைக் கண்டு எழுதியவர்களில் முந்தியவர்கள் முஸ்லிம் மருத்துவர்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டில், அஹ்மது அத்தபரீ என்ற மருத்துவர் இதைக் குறிப்பிட்டார். ஸ்பெயின் தேசத்து இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னு ஸுஹ்ர் (மறைவு கி.பி. 1162) தோலை உரித்தால் வெளிப்படும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிகச் சிறிய உயிர்களைப் பற்றி எழுதினார். இத்தாலியில் பொனோமோ என்பவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் மூலம் பார்த்து எழுதியது 1687-ல். அதன் பிறகும் ஐரோப்பிய வைத்தியர்கள் ‘இரத்தக் கெடுதி’ என்றே பேசிக் கொண்டிருந்தார்கள். 1834-ல் பாரிஸ் நகரில் ரெனூச்சி என்ற மாணவர் ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டிய பின்புதான் சச்சரவு அடங்கியது. நம் ஊரில் இன்றும் ‘இரத்தம் சுத்தமில்லை’ என்று சொல்லிப் பேதி மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்!

தொற்று என்ற விஷயத்திலும் சிலருக்குக் குழப்பம் உண்டு. ‘தொற்று என்பது இல்லை’ என்று ஹதீஸில் வந்திருக்கிறதே, பிறகேன் ஜாக்கிரதை என்று கேட்கிறார்கள். அந்த ஹதீஸ் எழுந்த சந்தர்ப்பமே சிரங்குதான். மான்களைப் போல மணற்பரப்பில் ஓடித் திரிந்த ஒட்டகங்களுக்கிடையே சிரங்கு பிடித்த ஓர் ஒட்டகம் வந்து கலந்ததும் எல்லாவற்றுக்கும் பிடித்து விடுகிறதே என்று கிராமத்து அரபி ஒருவர் கேட்டார். அப்படியானால் முதல் ஒட்டகத்திற்கு அதைக் கொடுத்தது யார் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நோய்க்குச் சுயமான சக்தி உண்டு, அது தானே தாவிப் பிடிக்கும் என்ற அறியாமைக் கால நம்பிக்கையை அது வெட்டியது. இதை அறிவிக்கும் அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள்தாம், நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமான ஒட்டகங்களிடம் ஓட்டி வர வேண்டாமென்ற தடையையும் அறிவிக்கிறார்கள். நோயையும் சுகத்தையும் தருபவன் அல்லாஹ். காரண காரியங்களைப் பேணுவது நம் கடமை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பத்திற்கு இடமே இல்லை. அரபிகள் சிரங்கு பிடித்த ஒட்டகத்துக்குத் தார் பூசி வைத்தியம் செய்தவர்கள். விதி என்று சும்மா விட்டு விடவில்லை.

இனி நோயின் அடையாளங்களுக்கு வருவோம். அரிப்பு இரவில் அதிகரிப்பது முதல் அடையாளம். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, கைலி கட்டும் இடுப்பு, புட்டம், ஆண்களுக்கு மறைவிடம், பெண்களுக்கு மார்பு ஆகிய இடங்களில் சிறு சிறு பருக்கள் எழும். பெரியவர்களுக்கு முகத்தில் பெரும்பாலும் வராது. கைக்குழந்தைகளுக்குத் தலை, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாவற்றிலும் வரும். வீட்டில் ஒருவருக்கு மேல் சொறிந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது. முதன்முறையாகத் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை அவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே இருப்பார். பிறருக்குக் கொடுத்துக் கொண்டும் இருப்பார். வைத்தியம் தோற்பதற்குப் பெரும் காரணம் இதுதான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

மற்றொரு காரணம் மருந்துக் கடை. ‘அரிப்புக்கு ஒரு களிம்பு’ என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள். தடவிய இரண்டாம் நாள் அரிப்புக் குறையும். உள்ளே பூச்சி பெருகும். பருக்களின் தோற்றமும் மாறிப்போய், பிறகு பார்க்கும் டாக்டருக்கே நோயை இனங்காண்பது சிரமமாகும். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி ஆகியவற்றை அரைத்துப் பூசுவதை நாம் பழிக்கவில்லை, எரிச்சல் தணியலாம். ஆனால் அவற்றையே நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல. நம் பெரியவர்கள் பூசிய கந்தகக் களிம்பு மட்டும் உண்மையிலேயே பலனுள்ளது. கர்ப்பிணிகளுக்கும் இளங்குழந்தைகளுக்கும் டாக்டர்கள் இன்றும் அதை எழுதிக் கொடுப்பதுண்டு.

இன்று வழக்கத்தில் முதலிடம் பெறுவது ஐந்து சத பெர்மெத்ரின் களிம்பு. அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுவது வீண். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், மறைவிடம் எதையும் விடாமல் தடவ வேண்டும். எட்டு மணி முதல் பதினான்கு மணி நேரம் வரை உடம்பில் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சுமார் முப்பது கிராம் தேவைப்படும். ஒரு குழாயை வாங்கி ஐந்து பேர் பங்கிட்டுக் கொள்வது சிக்கனமன்று. ஐந்து பேருக்கும் பலனில்லாத செலவு. ஐவர்மெக்டின் மாத்திரையும் இருக்கிறது. உடல் எடையைக் கணக்கிட்டு டாக்டர்தான் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை.

வணக்கத்தை விடாமல் இதைச் செய்வது எப்படி என்று பலர் தயங்குகிறார்கள். வழி எளிது. இஷாவைத் தொழுது முடித்து, ஒன்பது மணிக்குள் களிம்பு பூசிக் கொண்டால் ஸுபுஹு வேளைக்கு எட்டு மணி நேரம் ஆகிவிடும். எழுந்து குளித்துத் தொழலாம். தஹஜ்ஜுதுக்கு எழுபவர் ஒளுச் செய்த பிறகு, கழுவப்பட்ட உறுப்புகளில் மீண்டும் பூசிக் கொள்ள வேண்டும். கைதான் பூச்சிக்கு மிகப் பிடித்த இடம். ரமலானில் தராவீஹ் முடிந்து பூசலாம். ஸஹர் உணவுக்குக் கையைக் கழுவிச் சாப்பிட்டு விட்டு, நேரமிருந்தால் மறுபடி பூசிக் கொள்ளலாம். தோலில் பூசும் மருந்தால் நோன்பு முறியாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்பைக் கழுவிப் பால் கொடுத்து, பிறகு பூச வேண்டும்.

களிம்பு இருக்கும்போது ஒளுக் கூடுமா என்ற கேள்வி எழும். தோலில் ஊறிப் போய் வெறும் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் அது தண்ணீரைத் தடுக்கும் திரையாகாது. கந்தகக் களிம்பைப் போலக் கட்டியாகப் படிந்திருப்பதை ஒளுவின் உறுப்புகளிலிருந்து துடைத்து விட்டுக் கழுவ வேண்டும். சொறிந்து புண்ணாகித் தண்ணீர் பட்டால் கேடு என்று டாக்டர் சொன்னால் அதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. கட்டின் மீது மஸ்ஹுச் செய்வதுடன், நலமான பாகத்தைக் கழுவி, புண்ணுக்காகத் தயம்மமும் செய்வது ஷாபிஈ மத்ஹபின் முறை. ஹனபிகளுக்குக் கட்டின் மீது மஸ்ஹுச் செய்வதே போதுமானது. விவரத்தை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே நல்லது. புண்ணிலிருந்து கசியும் இரத்தத்தால் ஷாபிஈகளுக்கு ஒளு முறியாது. வழிந்தோடினால் ஹனபிகளுக்கு முறியும்.

தொழுகையில் சொறியலாமா? ஷாபிஈ மத்ஹபில் தொடர்ச்சியான மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறிக்கும். உள்ளங்கையை அசைக்காமல் விரல்களால் மட்டும் சொறிவது அந்தக் கணக்கில் வராது. சொறியாமல் பொறுக்கவே முடியாத சிரங்குக்காரருக்கு அதற்கு மேலும் சலுகை உண்டென்று ஃபிக்ஹு நூல்களில் சிரங்கின் பெயரைச் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இமாம்கள் மனிதனுடைய அவஸ்தையை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்! ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையையே, அரிப்பின் காரணமாக ஜுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற அந்த இருவரும் தமக்கு அரிப்பு என்று சொல்ல வெட்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்குச் சிரங்கென்றால் அரிப்பு இருப்பவர், இல்லாதவர் அனைவரும் ஒரே இரவில் பூசிக் கொள்ள வேண்டும். போன வாரம் வந்து தங்கிப் போன மகளுக்கும் மருமகனுக்கும் சொல்லியனுப்ப வேண்டும். இதைச் சொல்லத்தான் வாய் வராது. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்! சொல்லாமல் விட்டால் அடுத்த பெருநாளைக்கு அவர்கள் மூலமே நோய் திரும்பி வரும்.

துணிமணியைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்படுகிறோம். பூச்சி மனித உடம்பை விட்டு இறங்கினால் இரண்டு மூன்று நாளைக்கு மேல் உயிர் வாழாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மெல்லன்பி என்ற விஞ்ஞானி, நோயாளிகள் உபயோகித்த போர்வைகளையும் உள்ளாடைகளையும் தொண்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிலருக்கே தொற்றியது. உடம்போடு உடம்பு நீண்ட நேரம் ஒட்டியிருப்பதே பரவும் வழி என்று அவர் காட்டினார். ஆகவே மெத்தையைக் கொளுத்த வேண்டியதில்லை. கடைசி மூன்று நாளில் உபயோகித்த கைலி, தலையணை உறை, போர்வைகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி நான்கு நாள் தொடாமல் வைக்கலாம். ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதால் இது பரவுமென்று அஞ்ச வேண்டாம். சிறிது நேர முஸாஃபஹாவாலும் சாதாரணமாகப் பரவாது.

மதரஸாக்களை நடத்துபவர்களுக்குச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகள் ஒரே பாயில் நெருக்கிப் படுக்கும் விடுதிகளில் சிரங்கு எளிதாகக் குடி புகுகிறது. சொறியும் பிள்ளையை அதட்டுவதும், ஊருக்கு அனுப்பி விடுவதும் வைத்தியமல்ல. அனுப்பப்பட்டவன் தன் தங்கைக்கும் கொடுத்து, பாதி ஆறியவனாகத் திரும்பி வருவான். இங்கே மீந்தவர்கள் சொறிந்து கொண்டிருப்பார்கள். பிஜித் தீவுகளில் ஒரு பகுதி மக்கள் அனைவருக்கும் ஒருசேர ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு, ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைந்ததென்று 2015-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வேளையில் என்பதே அதன் இரகசியம். உஸ்தாதுமார்கள், சமையற்காரர் உட்பட அனைவருக்கும் வெள்ளி இரவில் பூசலாம். விடிந்தால் விடுமுறை, ஜும்ஆவுக்குக் குளிக்கும் குளிப்போடு மருந்தும் கழுவப்படும், துணி துவைக்கவும் பகல் இருக்கிறது. அடுத்த வெள்ளி இரவில் இரண்டாம் தடவை. களிம்புச் செலவைத் தர எந்த ஊரிலும் நல்ல மனிதர்கள் கிடைப்பார்கள்.

அலட்சியத்துக்கு விலை உண்டு. சொறிந்த புண்ணில் கிருமி புகுந்து சீழ் வைத்தால், சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

இரண்டு தடவை பூசிய பின்னும் அரிப்பு உடனே நிற்பதில்லை. செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலில் இருக்கும் வரை, இரண்டு முதல் நான்கு வாரங்கள், உடம்பு நமைத்துக் கொண்டுதான் இருக்கும். இதை அறியாதவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று நாள்தோறும் பூசித் தோலை எரித்துக் கொள்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவிக் கொள்ளலாம். டாக்டர் தரும் அரிப்பு மாத்திரையை இரவில் போட்டுக் கொள்ளலாம். அக்குளிலும் மறைவிடத்திலும் எழுந்த சில கடினமான முடிச்சுகள் ஓரிரு மாதம் நின்றே மறையும். நான்கு வாரம் கடந்தும் புதிய பருக்கள் கிளம்பினால் வீட்டில் யாரோ ஒருவர் அந்த இரவில் பூசாமல் விட்டிருக்கலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். அப்போது தோல் டாக்டரிடமே போக வேண்டும். போகும்போது வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.