டப்ளினில் இருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

டப்ளினில் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அயர்லாந்து நாட்டுக்கே ‘வேஷக்காரர்கள்’ என்று பட்டம் கட்டிவிட்டாய். “ஐரிஷ் எங்கள் உயிர் என்கிறார்கள் மாமா, பஸ்ஸில் ஒருத்தர் வாயிலும் அது வரக் காணோம்” என்கிறாய். நீ பார்த்தது சரி. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுவதாகச் சொன்னவர்கள் 72 ஆயிரம்கூட இல்லை. தீர்ப்பில்தான் அவசரப்பட்டுவிட்டாய்.

நம் வீட்டு அளவுகோலை அங்கே கொண்டுபோனாய், அதுதான் வினை. நமக்கு அடுப்படியில் பேசுவதும் ‘நான் இன்னார்’ என்று சொல்லிக்கொள்வதும் ஒரே மொழி. அவர்களுக்கு அது பிரிந்து வெகுகாலம் ஆகிறது. 1840-களின் பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகளைத்தான் அதிகம் வாரிக்கொண்டது. மிஞ்சியவர்கள் பிழைப்பை எண்ணிப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் வளர்த்தார்கள். பேச்சு போன பிறகும் பிடிப்பு போகவில்லை. 1893-இல் ஐரிஷை மீட்கக் கேலிக் லீக் என்ற சங்கம் பிறந்தது. 1937 அரசியல் சட்டம் ஐரிஷுக்கே முதல் ஆட்சிமொழி என்ற இடத்தைக் கொடுத்தது. ஆகவே, “ஐரிஷுக்கு அரசு செலவு செய்யலாமா?” என்று கேட்டால் அவர்கள் காதில், “நீ யார், இங்கிலீஷ்காரனா?” என்றுதான் விழும். ‘இல்லை’ என்று சொல்ல இலக்கணம் தெரிய வேண்டுமா என்ன?

“கட்டாயப்படுத்தினால் பேசிவிட்டுப் போகிறார்கள்” என்பாய். உன் வயதில் எல்லோருக்கும் கட்டாயம் என்றால் ஒரு தெம்பு! 1973 வரை ஐரிஷில் தோற்றால் பள்ளி இறுதித் தேர்வே தோல்வி. மார்க் வந்தது, பேச்சு வரவில்லை. ஆனாலும் 2011 தேர்தலில் ஃபீனே கேல் கட்சி அந்தப் பாடத்தைக் கடைசித் தேர்வில் விருப்பப்பாடமாக்கலாம் என்றதும் மாணவர்களே தெருவில் இறங்கிக் கோஷம் போட்டார்கள். கட்சி ஆட்சிக்கு வந்தது. யோசனை கிடப்பில் போனது.

டிங்கிள் கதை தெரியுமா? மேற்குக் கரையோரச் சுற்றுலா ஊர். ஐரிஷ் பேசும் வட்டாரமாகச் சட்டம் வகுத்திருக்கும் பகுதிக்குள் இருப்பது. 2005-இல் அரசு அப்பகுதி ஊர்களுக்கு ஐரிஷ் பெயர் மட்டுமே செல்லும் என்றது. வழிப்பலகையில் ‘அன் டாங்கன்’ என்றிருந்தால் போதும். ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். வருகிற பயணி ‘டிங்கிள்’ என்று தேடிக்கொண்டு வேறெங்காவது போய்விட்டால் கடை என்னாவது? 2006-இல் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு மொழிப் பெயரும் வேண்டும் என்று தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குத்தினார்கள். ஐரிஷை வெறுப்பவர்கள் அல்ல, ஐயா, அன்றாடம் அதைக் காதில் கேட்டு வாழ்கிறவர்கள். கல்லாப்பெட்டி மேல் கை வைத்தால் யாருக்கும் கணக்கு மாறும்.

எல்லையைத் தாண்டி, பிரிட்டன் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போனால் அதே மொழிக்கு வேறு முகம். அங்கே பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்களில், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள் அவர்கள், பலர் அதை எதிர்த்தரப்பின் கொடியாகவே பார்க்கிறார்கள். 2014-இல் கிரெகரி கேம்பல் என்ற உறுப்பினர், சட்டமன்றத்தில் ஐரிஷில் நன்றி சொல்லும் வாசகத்தைக் கறியும் தயிருமாகத் திரித்துக் கிண்டல் செய்தார். உள்ளூரில் இழுபறி தீராமல், 2022-இல் ஐரிஷுக்குச் சட்டம் போட்டது யார் தெரியுமா? லண்டன் நாடாளுமன்றம்! லின்டா எர்வைன் என்ற புராட்டஸ்டண்ட் பெண்மணியோ கிழக்கு பெல்ஃபாஸ்டிலேயே ஐரிஷ் வகுப்பு நடத்துகிறார். ஆகவே மதத்தை வைத்தும் ஆளை எடை போட்டுவிடாதே.

“பேசாதவன் பாசம் யாருக்கு லாபம்?” என்றும் முனகுவாய். 1972-இல் ஐரிஷுக்குத் தனி வானொலி, 1996-இல் தனித் தொலைக்காட்சி வந்தன. 72 ஆயிரம் பேர் வரிப்பணத்திலா அவை நடக்கின்றன? நீ நையாண்டி செய்கிற அந்தப் பஸ் பயணிகளும் சேர்ந்துதான் படியளக்கிறார்கள்.

இனி நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் “ஐரிஷ் பிடிக்குமா?” என்று கேட்காதே. பிடிக்கும் என்பார். தன் பேரனை ஐரிஷ் வழிப் பள்ளியில் சேர்க்கச் சம்மதிப்பாரா என்று கேள். என்ன சொன்னார், எவ்வளவு நேரம் யோசித்துச் சொன்னார், இரண்டையும் எழுது.

அன்புடன்,
மாமா