சிறு சி.என்.சி. இயந்திரத்திற்குக் கட்டுப்பாட்டுக் கருவி தேர்ந்தெடுத்தல்

எண்களைக் கட்டளையாகப் பெற்று, அவற்றின்படி வெட்டுமுனையை நகர்த்தி வேலை செய்வது சி.என்.சி. இயந்திரம். இதன் முன்னோடி 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. அப்போது அதன் கட்டுப்பாட்டுக் கருவி, வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் நிறைந்த பெரிய அலமாரிகளாக நின்றது. இன்றோ அவ்வேலையை உள்ளங்கை அளவுப் பலகை ஒன்று செய்து விடுகிறது. ஆகவே, மரப்பலகையில் எழுத்தும் பூவேலையும் செதுக்கும் சிறு இயந்திரத்தை வீட்டிலேயே அமைத்துக் கொள்வோர் பலர் உளர்.

இவர்களுள் சிலர் கட்டுப்பாட்டுப் பலகையை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற மோட்டாரைத் தேடுகின்றனர். வளையலை வாங்கிவிட்டுக் கையைத் தேடுவது போன்றது இது. மோட்டாரில் தொடங்கிப் பின்னோக்கி வருவதே முறை.

இவ்வியந்திரங்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டாரே பயன்படுகிறது. ஒரு மின்துடிப்பு வந்தால் அது ஒரு படி திரும்பும். 200 படிகள் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. அதாவது படிக்கு 1.8 பாகை. பலகை துடிப்புகளை எண்ணி அனுப்புகிறதே தவிர, மோட்டார் உண்மையில் திரும்பியதா என்று பார்ப்பதில்லை. பின்னல் வேலையில் ஒரு கண்ணி நழுவியதை அறியாமல் தொடர்ந்தால் பூ முழுவதும் கோணலாகும் அல்லவா? அவ்வாறே, இடையில் ஒரு சில படிகள் தவறினால் அதன்பின் வெட்டுவதெல்லாம் இடம் மாறிப் போகும். படி தவறாமல் காப்பதற்காகவே இத்தனை கணக்கும்.

மோட்டாருக்கு மின்னோட்டம் தருவது டிரைவர். ‘நெமா 23’ என்று மோட்டாரின் பெயரில் வரும் எண், அதன் முகப்பு 2.3 அங்குலம் என்பதை மட்டுமே குறிக்கும், வலிமையைக் கூறாது. பெயர்ச்சீட்டில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். அது 2.8 ஆம்பியர் என்று கொள்வோம். ஏ4988 என்னும் மலிவான சிறு டிரைவர் உச்ச அளவாகவே 2 ஆம்பியர்தான் தாங்கும். அதுவும் நன்றாகக் குளிர்வித்தால்தான். ஆகவே 4 ஆம்பியர் வரை தரவல்ல டி.எம்.542 போன்ற தனி டிரைவரே இங்குப் பொருந்தும்.

அடுத்து மின்னழுத்தம். மேல்நிலை வகுப்பு மாணவியர் தன் மின்தூண்டலைப் படித்திருப்பீர்கள். சுருளில் மின்னோட்டம் மாறும்போது சுருள் அதை எதிர்க்கிறது. மோட்டார் வேகமாகச் சுழல, அம்மாற்றம் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ வேண்டும். எதிர்ப்பை மீறி மின்னோட்டத்தை விரைந்து செலுத்த உயர்ந்த மின்னழுத்தம் தேவை. அதனால்தான் சீட்டில் 3 வோல்ட் என்றிருக்கும் மோட்டாருக்கும் 36 வோல்ட் கொடுக்கிறோம். மின்னோட்டம் அளவு மீறாமல் டிரைவர் வெட்டி வெட்டித் தருகிறது. ஒரு எச்சரிக்கை: மின்சாரம் இருக்கும்போது மோட்டாரின் கம்பியைக் கழற்றினால் டிரைவர் கருகிவிடக் கூடும்.

இனித்தான் பலகை. மேசைக் கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பதால், அதன் துடிப்புகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. எனவே அந்த வேலையை ஆர்டுயினோ ஊனோ பலகையிடம் ஒப்படைக்கலாம். 2009-இல் தோன்றிய ‘கெர்பில்’ என்னும் இலவச மென்பொருள் அதில் இயங்கி, மூன்று அச்சுகளை நடத்தும். நொடிக்குச் சுமார் 30,000 துடிப்புகள் வரை தரும்.

அது போதுமா? ஒவ்வொரு படியையும் டிரைவர் எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1,600 துடிப்பு. திருகுதண்டு ஒரு சுற்றில் 5 மில்லிமீட்டர் நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 320. நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்திற்கு 16,000. போதும்! ஆனால் ‘இன்னும் நுட்பமாக இருக்கட்டுமே’ என்று 32-ஆகப் பிரித்தால் 64,000 தேவைப்படும், பலகை திணறும். துல்லியமோ அந்த அளவுக்குக் கூடாது. நான்காவது அச்சோ, லேத்தில் மரை வெட்டும் வேலையோ வேண்டுமெனில் லினக்ஸ்சி.என்.சி. போன்ற வேறு ஏற்பாட்டை நாடலாம். எல்லை சுவிட்சுகளை, சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையில் இணைப்பது நன்று. கம்பி அறுந்தால் உடனே தெரியும்.

விலைப்பட்டியலில் எல்லாரும் கடைசியில் சேர்க்கும் அவசர நிறுத்தப் பொத்தானை நான் முதலில் எழுதச் சொல்வேன். அது மென்பொருளுக்குச் செய்தி அனுப்புவதோடு நில்லாமல், மோட்டார்களுக்கும் வெட்டுமுனைக்கும் செல்லும் மின்சாரத்தையே காண்டாக்டர் வழியாகத் துண்டிக்க வேண்டும். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது, மீண்டும் பொத்தானை அழுத்தினாலன்றி வெட்டுமுனை சுழலக் கூடாது. குனிந்து பார்க்கும் பெண்ணின் சடையும் தாவணியும் அதனருகே இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

எல்லாம் இணைத்தபின் வெட்டுமுனைக்குப் பதிலாகப் பென்சிலைப் பொருத்தி, 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை ஒரே தாளில் ஐம்பது முறை வரையச் செய்யுங்கள். கோடு தடிக்காமல் பென்சில் தொடங்கிய புள்ளியிலேயே வந்து நின்றால், மரப்பலகையை ஏற்றலாம்.